வெறும் கெப்பின் கனம்

அண்ணே,

நேற்று மத்தியானம் ஐஸ் மழை பெய்தது. பத்து நிமிடம்தான் இருக்கும். டிஸ்பென்சரியின் தகரக் கூரையில் யாரோ சரளைக்கல்லை வாரி வாரி இறைத்தது போலச் சத்தம். நின்றதும் கதவைத் திறந்தேன். வாசல் வெள்ளையாகக் கிடந்தது. அடிபட்ட கொழுந்தின் மணம் ஒரேயடியாக உள்ளே வந்தது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும்போது வருகிற மணத்தில் ஒரு சூடு இருக்கும். இதில் சூடு இல்லை. பச்சையாக, குளிராக, கொஞ்சம் இரத்தவாடை போல இருந்தது. அந்த மணத்தை இவ்வளவு நெருக்கத்தில் நான் சுவாசித்தது இதற்கு முன் ஒரே ஒரு நாள்தான். அன்று வண்டி ஓட்டியது நீங்கள்.

நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. போனவர்களுக்கு எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. தோட்டத்து மிட்வைஃப் எழுதுவதெல்லாம் பிறந்த நேரமும் பிள்ளையின் நிறையும்தான். ஆனால் உங்களுக்கு வரவேண்டிய ஒரு பதில் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பின்னால் திறந்த பெட்டி வைத்த அந்த டபுள் கெப் வண்டி தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்தே நீங்கள் அதை நம்பவில்லை. பெரிய தொரை வண்டியைச் சுற்றிவந்து, "ஃபோர் வீல் இருக்கு, இனிமே எந்த மலையும் ஏறலாம்" என்று சொன்னபோது நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். அவர் போனபின் என்னிடம் சொன்னீர்கள்: "எஞ்சினு கனம் முழுக்க முன்னால மிஸ். பின்னால வெறுங்காத்து. நனைஞ்ச எறக்கத்துல இது நாய் மாதிரி வாலாட்டும்."

அதற்காகத்தான் மூன்று மூட்டை மணல். பின்சக்கரத்துக்கு நேர் மேலே, அசையாமல் கயிறு கட்டி வைத்தீர்கள். மழைக்காலம் தொடங்கினால் அவை ஏறும், வெயில் வந்தால்தான் இறங்கும். ஜனவரி விடியலில் புல்லெல்லாம் உறைந்து கண்ணாடியில் பனி கல்லாகப் பிடித்திருக்கும்போது, பழைய ரீசார்ஜ் அட்டையால் அதைச் சுரண்டிக்கொண்டே எனக்கு விளக்குவீர்கள். பனி பிடித்த ரோட்டில் பிரேக்கைத் தொடக்கூடாது. சின்ன கியரில் போட்டுவிட்டு, வண்டியை அதன் போக்கில் மெல்ல நடக்க விட வேண்டும். "பிரேக்ல கால வச்சா வண்டி நம்ம பேச்சக் கேக்காது மிஸ். ஐஸ் பேச்சத்தான் கேக்கும்." ஒரு தாய்க்கு வலி கூடும்போது கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம் ஒன்று வரும். எனக்கு அது போலத்தான் பட்டது.

நீங்கள் ஏன் அவ்வளவு பயந்து ஓட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் இங்கே வேலைக்கு வருவதற்கு முன்னால் நீங்கள் லொறி ஓட்டினீர்கள். ஒரு மழைக்காலையில் மேல் டிவிசனுக்குக் கொழுந்தெடுக்கப் பெண்களை ஏற்றிப்போனபோது சவுக்கு முடக்கு வளைவில் லொறி வழுக்கி ஓடைக்குள் போனது. நான்கு பெண்கள் அங்கேயே செத்தார்கள். உங்களுக்குக் கை மட்டும் ஒடிந்தது. விசாரணையில் பாதையின் மேல்தான் பிழை என்று எழுதினார்கள். அதை நீங்கள் ஒருநாளும் யாரிடமும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த முடக்கைத் தாண்டும்போது மட்டும் வண்டியில் இருக்கும் வானொலியை நிறுத்திவிடுவீர்கள்.

செத்த நால்வரில் ஒருத்தி மாரியம்மா. அவளுடைய மகள் புவனாவுக்கு அப்போது நான்கு வயது. சித்தி லெச்சுமிதான் அவளை வளர்த்தாள். அந்தப் புவனாவுக்காகத்தான் அன்று நாம் போனோம்.

ஐந்து வருடமாகிறது. அன்றைக்கும் ஐஸ் மழை, ஆனால் நேற்றுப் போல இல்லை. அரை மணி நேரம் விடாமல் கொட்டியது. சுண்டைக்காய் அளவு கற்கள். முடிந்தபோது மலை முழுக்க வெள்ளை. தேயிலைச் செடிகளின் வரிசைகூடத் தெரியவில்லை. பிறகு அந்த வெள்ளையிலிருந்து புகை எழும்பத் தொடங்கியது. மேலேயிருந்து இறங்குகிற பனிமூட்டம் எனக்குப் பழக்கம். இது தரையிலிருந்து எழும்பியது. முதலில் முழங்கால் மட்டத்துக்கு, அப்புறம் இடுப்பு மட்டத்துக்கு. நாய் குரைக்கவில்லை. காகம்கூடக் கத்தவில்லை.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. மேல் டிவிசன் லயத்து வீட்டில் புவனாவுக்கு இரத்தம் போகிறது. பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். இந்த நிலைமையில் தோட்டத்துப் பாதையில் ஏறிவர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார்கள். அவளுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. நீங்கள் சோற்றுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தீர்கள்.

மேலே ஏறும்போது வண்டி ஒரு தடவைதான் வழுக்கியது. சக்கரம் கற்களை நொறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. லயத்தின் முன்னால் நிறுத்தியபோது லெச்சுமி வாசலில் நின்றாள். உங்களைப் பார்த்ததும் கதவை மறித்துக்கொண்டாள்.

"அந்தாளு ஓட்டுற வண்டியில எங்க புள்ளைய ஏத்த மாட்டேன்."

"வேற வண்டி இல்ல லெச்சுமி" என்றேன். "புள்ள வெளிறிப் போறா, பாரு."

"அக்காவ கொண்டுபோனது பத்தலையா? இப்ப மகளையும் குடுக்கணுமா?"

நீங்கள் மழைக்கோட்டோடு அந்த ஐஸில் நின்றீர்கள். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, காலடியைப் பார்த்தே சொன்னீர்கள். "பின்னால மூணு மூட்ட மணல் கெடக்கும்மா. வண்டி அசையாது. நான் நடக்குற வேகத்துலதான் போவேன். நம்புங்க."

அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அண்ணே. மூன்று மூட்டையும் அங்கே இல்லை. காலையில் டிஸ்பென்சரிக்குள் மழைத்தண்ணீர் புகுந்தது. தடுப்பூசிப் பெட்டி இருக்கும் அறை. வாசலில் உங்கள் கெப் நின்றது. நீங்கள் காலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தீர்கள். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று, வழியில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு மூட்டைகளை இறக்கிக் கதவுக்கடியில் போடச் சொன்னவள் நான். அப்புறம் கிளினிக், அப்புறம் ஐஸ் மழை. மறந்தே போனேன்.

வாயைத் திறந்தேன். லெச்சுமி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மணல் இல்லை என்று அந்த இடத்தில் சொன்னால் அவள் புவனாவை அனுப்ப மாட்டாள். புவனா அந்தப் படுக்கையிலேயே முடிந்துவிடுவாள். நான் வாயை மூடிக்கொண்டேன். "ஆமா, மணல் இருக்கு" என்பது போலத் தலையை ஆட்டினேன்.

லெச்சுமி கதவை விட்டாள்.

புவனாவைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். தலை லெச்சுமியின் மடியில். நான் முன்சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி மண்டியிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு ரோடு தெரியாது. தெரிந்ததெல்லாம் லெச்சுமியின் முகமும், அவள் தலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடியும், கண்ணாடிக்கு வெளியே மூட்டை இல்லாத பெட்டியும்தான். பெட்டி நிறைய ஐஸ், மட்டமாக விரித்த வெள்ளைப் பாயைப் போல. அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

இறக்கத்தில் சின்ன கியரைப் போட்டீர்கள். எஞ்சின் முனகிக்கொண்டு இறங்கியது. வண்டியின் பின்பக்கம் இரண்டு தடவை லேசாக விலகித் திரும்ப வந்தது. "என்ன இது" என்று உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டீர்கள். மணல் இருக்கிற வண்டி அப்படிப் போகாது என்று உங்கள் கைக்குத் தெரிந்துவிட்டது. வாய்க்கு மட்டும் தெரியவில்லை.

சவுக்கு முடக்கில் பின்பக்கம் போயே போனது. சத்தமே இல்லாமல் போனது, அதுதான் பயங்கரம். மலை ஒரு பக்கமாகச் சுழன்றது. லெச்சுமி புவனாவின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். நீங்கள் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை மட்டும் வழுக்குகிற பக்கமே திருப்பிவிட்டு, கையை இலேசாக வைத்திருந்தீர்கள். வண்டி பாதைக்குக் குறுக்காகப் போய் நின்றது. பின்சக்கரம் ஒன்று விளிம்பில். கீழே ஓடை. நம்மைச் சுற்றிப் புகை கண்ணாடி மட்டத்துக்கு ஏறியிருந்தது. முன்னால் போக எஞ்சினைக் கூட்டினால் பின்பக்கம் இன்னும் கீழே சறுக்கியது. இரண்டு தடவை பார்த்தீர்கள். இரண்டு தடவையும் ஒரு சாண், ஒரு சாண்.

அப்போது வண்டி அமுங்கியது.

தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த அமுக்கம் தெரியும். யாராவது பின்னால் கால் வைத்து, கை பிடித்து, பெட்டிக்குள் ஏறும்போது வருகிற அமுக்கம். ஸ்பிரிங் ஒரு தரம் முனகும். அப்புறம் ஆள் உட்கார்ந்ததும் அடங்கும். அது ஒரு தரம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. நான்காவது கொஞ்சம் தாமதித்து வந்தது.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புகை. வேறொன்றும் இல்லை.

நீங்கள் திரும்பிப் பார்க்காமல், சின்னக் குரலில், லொறிக்காலத்துப் பழக்கத்தில் கேட்டீர்கள்: "ஏறியாச்சா?"

என்னைக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். பதில் சொல்ல நாக்கு எழவில்லை. லெச்சுமியின் முகம் மட்டும் மாறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பயம் என்று நினைத்தேன்.

நீங்கள் கிளட்சை விட்டீர்கள். பின்சக்கரம் கடித்தது. வண்டி விளிம்பைவிட்டு விலகி, நேராகி, கனமான வண்டி போவது போல நிதானமாக இறங்கியது. அதன்பின் ஒரு தடவைகூட அது வாலாட்டவில்லை. மெயின் ரோடு வரும்வரை புவனாவின் நாடி என் விரலுக்கடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். லெச்சுமியும் பின்னாலேயே ஓடினாள். நான் வெளியே வந்தபோது நீங்கள் பெட்டியின் பின்கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தீர்கள். டவுனில் ஐஸ் பெய்திருக்கவில்லை, வெறும் குளிர்தான். சனங்கள் போகிற வருகிற இடத்தில், மரக்கறிப் பைகளோடு பெண்கள் நடக்கிற பக்கத்தில், நம் கெப்பின் பெட்டி மட்டும் வெள்ளையாக இருந்தது.

"மணல் மூட்ட எங்க மிஸ்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஐஸில் நான்கு பள்ளங்கள். ஆள் குந்தியிருந்த அளவுக்குத்தான் இருந்தன. இரண்டு இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம். லொறியில் பெண்கள் உட்காருவது போல, எதிரெதிராக.

உருகினால் அப்படியும் பள்ளம் விழும் என்று நான் பிறகு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெட்டி நிறைந்த ஐஸுக்கும் ஒரு கனம் இருந்திருக்கும், அது சரிந்து பின்பக்கம் சேர்ந்திருக்கும் என்றும் சொல்லிக்கொள்வேன். பகலில் அது போதுமானதாக இருக்கும்.

கதவை மூடப் போனேன். நீங்கள் என் கையைத் தடுத்தீர்கள்.

"கொஞ்ச நேரம் தொறந்தே இருக்கட்டும் மிஸ். எறங்கணும்ல."

புவனாவுக்கு ஆண்பிள்ளை. ஒன்றே முக்கால் கிலோ. இரண்டும் பிழைத்தன. அடுத்த வாரமே லெச்சுமி சங்கத் தலைவரிடம் போனாள். மணல் இல்லாத வண்டியில் மணல் இருக்கிறது என்று பொய் சொல்லி ஏற்றினான், முடக்கில் கவிழ்க்கப் பார்த்தான் என்றாள். பெரிய தொரை உங்களைக் கூப்பிட்டார். நான் ஒப்பீஸ் படியில் நின்றேன், உள்ளே வந்து சொல்லத்தான் நின்றேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நான்தாங்க எறக்குனேன். திருப்பி ஏத்த மறந்துட்டேன்."

மூன்று மாதம் உங்களிடமிருந்து வண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டோரில் வேலைக்குப் போட்டார்கள். நான் உங்களிடம் சண்டை பிடித்தேன். "மிஸ், உங்க பேச்ச இந்தப் பொம்பளைங்க நம்புறாங்க. அது கெட்டுப்போனா நாளைக்கு வலி வந்தா யாரையும் கூப்புட மாட்டாங்க. எம்மேல ஏற்கனவே கெடக்கு. இன்னொன்ன ஏத்துனா எனக்குத் தெரியவா போகுது?" என்றீர்கள். நான் ஒத்துக்கொண்டேன். அதுதான் என் வெட்கம். உங்களுக்காக ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கு அது வசதியாக இருந்தது.

கடைசியில் சுகர் உங்கள் காலை எடுத்து, பிறகு நெஞ்சைப் பிடித்தபோது வார்டில் உங்களைப் பார்க்க வந்தேன். தண்ணீர் கேட்டீர்கள், குடித்தீர்கள். பிறகு கேட்டீர்கள்.

"அன்னைக்கி அவங்க அந்தப் புள்ளைக்காக வந்தாங்களா மிஸ், எனக்காகவா?"

"தெரியல அண்ணே" என்றேன்.

"புள்ளைக்காகத்தான் இருக்கும்" என்றீர்கள். "நான் கேட்டேன்ல, ஏறியாச்சான்னு. யாரும் வாயத் தொறக்கல."

அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

உங்கள் கருமாதிக்கு லயத்து முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர் எழுந்து உங்களைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். "தங்கமான மனுசன். என்ன, ரெண்டு தடவ கவனம் தப்பிட்டாரு. மனுசன்னா தப்பும்" என்று முடித்தார். உங்கள் சம்சாரம் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் எழுந்துவிட்டேன். என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "ரெண்டாவது தடவ அவர் தப்பலைங்க" என்றேன். "மணல எறக்குனது நான். மணல் இல்லன்னு தெரிஞ்சே, லெச்சுமிகிட்ட இருக்குன்னு தலையாட்டுனதும் நான். அவருக்கு ஒண்ணும் தெரியாது. எனக்காக ஒத்துக்கிட்டாரு. அஞ்சு வருசம் நான் பேசாம இருந்தேன்."

உங்கள் சம்சாரம் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அது நியாயம்தான். புவனா தன் மகனை மடியில் இழுத்துக்கொண்டாள். நான் என் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குப் பக்கத்தில் லெச்சுமி பின்னாலேயே வந்து நின்றாள். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"அப்ப நெசமாவே மணல் இல்லையா?"

"இல்ல."

"அந்தாளு எறக்கிட்டதா ஒத்துக்கிட்டப்பவும் நான் நம்பல மிஸ். மூட்ட கண்ணுல படல, அத வச்சி அந்தாள மாட்டி வுடணும்னுதான் தலைவர்கிட்ட சொன்னேன். ஐஸுக்கு அடியில மணல் இருந்துச்சு, அதான் வண்டி கனமா போச்சுன்னு எனக்குள்ள வச்சிக்கிட்டேன். அப்புடி நெனச்சாத்தான் ராத்திரி தூக்கம் வரும்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஒங்களுக்கு எங்க அக்காவத் தெரியாது. அவ ஆமான்னு சொல்ல மாட்டா. எதக் கேட்டாலும் ஒரு செருமல்தான். செருமுனா ஆமான்னு அர்த்தம்."

நான் அவள் கையைப் பிடித்தேன். ஐஸாக இருந்தது.

"அந்தாளு 'ஏறியாச்சா'ன்னு கேட்டாருல்ல. என் பொடனிக்குப் பின்னால, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அக்கா செருமுனா. நான் திரும்பல. திரும்பக் கூடாதுன்னு இருந்துட்டேன். இத்தன வருசமா யாருகிட்டயும் சொல்லல. சொன்னா அந்தாள மன்னிச்ச மாதிரி ஆயிடும்ல."

தண்ணீர் பீலியில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் போகத் திரும்பினாள். பிறகு நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவ மகளுக்காகத்தான் வந்தா. ஆனா பதில் சொன்னது அந்தாளுக்கு."

அண்ணே, இது உங்களுடையது. வார்டில் நீங்கள் கேட்ட அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அப்போதே கொடுத்திருப்பேன். கையில் கொடுக்க ஆளில்லாமல் இதை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன். கேட்டீர்களே, யாரும் வாயைத் திறக்கவில்லை என்றீர்களே. ஒருத்தி பதில் சொல்லியிருக்கிறாள். எஞ்சின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்காமல் போய்விட்டது.